சூப்பர் ஹீரோ தொடர்கள் போகப்போக ஏன் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் பத்து வருடம் சிடி, டிவிடி வாடகைக் கடை வைத்திருந்தேன். வேலந்தாவளம், ஒழலப்பதி, மீனாட்சிபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். தமிழ்ப் படங்களுக்கு ஒரு தட்டு, மலையாளப் படங்களுக்கு ஒரு தட்டு, கடைசித் தட்டில் ஆங்கிலத் தொடர்கள். ஸ்மால்வில் தொடரை முதல் சீசனிலிருந்து ஆவலாக எடுத்துப்போன பையன்கள், ஐந்தாவதோ ஆறாவதோ வந்ததும் அந்தத் தட்டின் முன்னால் நின்று யோசிப்பார்கள். "அண்ணா, இதுக்கு மேல பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். கடையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பையன்களின் பிள்ளைகள் இப்போது ஃபோனில் பார்க்கிறார்கள். அவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். இவ்வளவு நாள் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சில கதைகளின் முடிவு இதில் தெரிந்துவிடும். பார்க்காத தொடரின் பெயர் வரும் இடத்தைத் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆரம்பித்த தொடர் ஏன் நடுவில் தளர்ந்துவிடுகிறது?

"கதை தீர்ந்துபோச்சு" என்று பலரும் சொல்வார்கள். கதைக்குப் பஞ்சமே கிடையாது. சூப்பர்மேன் 1938-இல் பிறந்தவர், ஃப்ளாஷ் 1940, கிரீன் ஆரோ 1941. அன்றிலிருந்து வந்த சித்திரக்கதைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. தீர்ந்துபோவது கேள்விதான்.

ஒவ்வொரு சூப்பர் ஹீரோ தொடரும் ஒரு கேள்வியோடு பிறக்கிறது. ஸ்மால்வில்லில், இந்தப் பண்ணை வீட்டுப் பையன் எப்படி சூப்பர்மேன் ஆகப் போகிறான்? ஆரோவில், ஐந்து வருடம் நரகத்தில் கிடந்து கொலை செய்யப் பழகியவன் திரும்ப மனிதனாக வாழ முடியுமா? ஃப்ளாஷில், என் அம்மாவைக் கொன்றது யார், சிறையில் இருக்கும் அப்பாவை எப்படி வெளியே கொண்டுவருவது? முதல் ஒன்றிரண்டு சீசன்களில் ஒவ்வொரு காட்சியும் அந்தக் கேள்வியைத் தொட்டுக்கொண்டு போகும். அதனால்தான் சாதாரணச் சண்டைகூட நம்மைப் பிடித்துவைக்கிறது.

ஒரு நாள் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் சேனலுக்கு அடுத்த வருடமும் தொடர் வேண்டும். அப்போது எழுதுகிறவர்கள் புதிதாக ஒரு வில்லனைக் கொண்டுவருவார்கள். வில்லன் புதியவர் என்பதால் கேள்வியும் புதிது ஆகிவிடாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட தொடர்கள் இரண்டாம் உயிர் எடுத்தன. புரிந்துகொள்ளாதவை ஆட்களை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடின.

தொனி மாறினால் தரம் குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது. இருட்டாக இருந்த தொடர் சிரிப்பாக மாறலாம், சிரிப்பாக இருந்தது கனமாக மாறலாம். அது தொனி. எந்தத் தொனியில் இருந்தாலும் காட்சிக்குக் காட்சி காரண காரியம் இருக்கிறதா, ஆட்கள் நேற்றைய நினைவோடு நடக்கிறார்களா என்பதுதான் தரம்.

பழைய உதாரணம் ஒன்று. ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த அட்வென்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன் 1952 முதல் 1958 வரை வந்தது, மொத்தம் 104 எபிசோடுகள். முதல் சீசனைத் தயாரித்தவர் ராபர்ட் மாக்ஸ்வெல். அது கிட்டத்தட்ட குற்றப்படம் போலவே இருக்கும்: ரவுடிகள், இருண்ட தெரு, சாவு. அடுத்த சீசனிலிருந்து விட்னி எல்ஸ்வொர்த் பொறுப்பேற்றதும் குழந்தைகளுக்கு ஏற்ற மாதிரி இளகியது. மூன்றாவது சீசனிலிருந்து கலர். கலருக்குச் செலவு அதிகம் என்பதால் வருடத்துக்கு 26 எடுத்த இடத்தில் 13 மட்டும் எடுத்தார்கள். ஆக, கருப்பு வெள்ளையில் 52, கலரில் 52. அறுபது, எழுபது வருடங்களுக்கு முன்பே ஒரே தொடருக்குள் இரண்டு தொடர் இருந்திருக்கிறது. யார் தயாரித்தார், யாருக்காக எடுத்தார், எவ்வளவு காசு இருந்தது என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானித்தன. இன்றைக்கும் அப்படித்தான்.

லிண்டா கார்ட்டர் நடித்த வொண்டர் வுமன் இன்னொன்று. முதல் சீசன் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடந்தது. அது ஏபிசி சேனல். பிறகு சிபிஎஸ் சேனலுக்குப் போனதும் கதை ஒரே தாவலில் 1970-களுக்கு வந்துவிட்டது. பழைய காலத்து உடை, கார், தெரு எல்லாம் செலவு பிடிக்கும். இன்றைய தெருவில் எடுத்தால் அந்தச் செலவு இல்லை. நாஜிகளை எதிர்த்தவள் உளவுத்துறை வேலைக்குப் போகிறவள் ஆனாள். எனக்கு முதல் சீசன்தான் பிடிக்கும். ஆனாலும் மற்ற இரண்டும் மோசம் என்று சொல்ல மாட்டேன். அவை வேறு தொடர்.

ஸ்மால்வில்லை எதுவரை பார்க்கலாம்?

கடையில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2001 அக்டோபரில் ஆரம்பித்து 2011 மே மாதம் முடிந்தது. பத்து சீசன், இருநூறுக்கும் மேல் எபிசோடுகள். உருவாக்கிய ஆல்ஃப்ரெட் கோவும் மைல்ஸ் மில்லரும் ஆரம்பத்திலேயே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: சூப்பர்மேன் ஆகப்போகும் பையன் கிளார்க் பறக்கக் கூடாது, சூப்பர்மேன் உடையும் போடக் கூடாது. அருமையான கட்டுப்பாடு. பறக்க முடியாதவன் நடந்துதான் போக வேண்டும், போகிற வழியில் மனிதர்களைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அப்பா ஜோனதன், அம்மா மார்த்தா, தோழி குளோயி, எல்லாவற்றுக்கும் மேலாக லெக்ஸ் லூத்தர். லெக்ஸ் கெட்டவனாகத்தான் ஆகப்போகிறான் என்று நமக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் "ஆகிவிடாதே" என்று மனம் அடித்துக்கொள்ளும். மைக்கேல் ரோசன்பாம் அதை அப்படி நடித்திருந்தார்.

முதல் சீசனில் வாரத்துக்கு ஒருவர் விண்கல் பாதிப்பில் விசித்திர சக்தி பெற்று வந்து போவார்கள். அது சலிப்புத் தரும்தான். இரண்டாவது சீசனில், பழைய படங்களில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் வந்து கிளார்க்கிடம் அவன் எங்கிருந்து வந்தவன் என்று சொல்லும் எபிசோடிலிருந்து தொடர் நிமிர்ந்து நிற்கிறது. ஐந்தாவது சீசனில், நூறாவது எபிசோடில், ஜோனதன் இறக்கிறார். என்னைக் கேட்டால் கதையின் முதல் பாதி அங்கே முடிகிறது. பையனை வளர்த்து முடித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். கிளார்க் சூப்பர்மேன் ஆகத் தயார், ஆனால் தொடர் அவனை ஆகவிடாது. முதலில் வரமாக இருந்த கட்டுப்பாடு இப்போது கால் விலங்கு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரகசியத்தை மறைப்பது நியாயம். இருபது வயது தாண்டியும் அதே காதலியிடம் அதே பொய்யைச் சொல்லி அதே சண்டை போட்டால் பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும். ஆறாவது, ஏழாவது சீசன்களில் நடப்பது அதுதான். ஏழாவதோடு கோவும் மில்லரும் விலகினார்கள், ரோசன்பாமும் போனார். எட்டாவது சீசனின் நடுவிலேயே கிளார்க்கின் காதலி லானாவாக நடித்த கிறிஸ்டின் குரூக்கும் விடைபெற்றார்.

அதோடு தொடர் செத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எட்டாவதில் கிளார்க் டெய்லி பிளானட் பத்திரிகை வேலைக்கு வருகிறான், பக்கத்து மேசையில் அவனுடைய வருங்காலக் காதலி லோயிஸ். ஊர் பண்ணையிலிருந்து நகரத்துக்கு மாறுகிறது, வெளிச்சம் இரவுக்கு மாறுகிறது, கேள்வியும் மாறுகிறது: இரண்டு பெயரோடு ஒருவன் எப்படி வாழ்வது? தொனி முற்றிலும் வேறு. தரம் ஒரே சீராக இல்லை. எட்டாவதில் டூம்ஸ்டே என்ற அரக்கனின் கதையை அவ்வளவு பெரிதாக வளர்த்துவிட்டுக் கடைசியில் சட்டென்று முடித்தது ஏமாற்றம். ஆனாலும் மூச்சு திரும்பிவிட்டது.

ஆகவே என் பதில்: ஐந்து சீசன் பாருங்கள். ஆறும் ஏழும் மனமிருந்தால் பாருங்கள். எட்டிலிருந்து புதுத் தொடராக நினைத்துக்கொண்டு தொடருங்கள்.

எனக்கு வயதாகிவிட்டதால் பிடிக்காமல் போயிருக்குமோ?

இதை ஒரு தம்பி கேட்டான். பன்னிரண்டு வயதில் பார்க்க ஆரம்பித்து இருபத்திரண்டில் முடித்தவன். நியாயமான சந்தேகம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. முதல் சீசனில் பிடித்த எபிசோடை இப்போது மறுபடி பாருங்கள். இன்றும் பிடித்தால் உங்கள் ரசனை அப்படியேதான் இருக்கிறது, தொடர்தான் மாறியிருக்கிறது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருடத்துக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று எபிசோடுகள் எதற்கு? பாதிக்குப் பாதி சும்மா ஓட்டுகிறார்களே?

அமெரிக்கச் சேனல்களின் வருடம் செப்டம்பர், அக்டோபரில் ஆரம்பித்து மே மாதம் முடியும். அந்த எட்டு மாதத்தை விளம்பரம் விற்று நிரப்ப வேண்டும். நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் பார்வையாளர் கணக்கெடுப்பு நடக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் விளம்பர விலை நிர்ணயமாகும். பெரிய சண்டை, பெரிய சாவு, பெரிய ரகசியம் எல்லாம் அந்த மாதங்களில் வந்து விழுவதன் காரணம் இதுதான். நடுவில் வரும் ஜனவரி, மார்ச் எபிசோடுகள் தளர்ந்து கிடப்பதும் அதனாலேயே.

இன்னொரு காரணமும் உண்டு. நூறு எபிசோடுகளை எட்டிவிட்ட தொடரை மற்ற சேனல்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்பது சுலபம். தினம் ஒன்றாகப் போட்டாலும் மாதக்கணக்கில் வரும். அதனால் மூன்றாவது, நான்காவது சீசனை நெருங்கும் தொடரை, பார்ப்பவர்கள் குறைந்தாலும் இழுத்துப் பிடிப்பார்கள்.

ஒரு எபிசோடைப் பிடிக்க எட்டு நாள் போலத்தான் கிடைக்கும். கிராபிக்ஸுக்கான காசும் சீசன் முழுவதற்கும் பங்கிட வேண்டியது. ஃப்ளாஷ் தொடரில் கொரில்லா கிராட் எப்போதாவதுதான் தலைகாட்டும். முழுக்கக் கணினியில் செய்ய வேண்டிய உருவம், அடிக்கடி கூப்பிடக் கட்டுப்படியாகாது. அப்படி ஒரு எபிசோடில் செலவழித்ததை அடுத்த எபிசோடில் மிச்சம்பிடிக்க வேண்டும். எல்லாரையும் ஒரே அறையில் அடைத்துப் பேசவைப்பார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்படி அடைத்துவைத்து எடுத்தவற்றிலேயே சில மிக நல்ல எபிசோடுகள் இருக்கின்றன. காசு இல்லாதபோது வசனத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் ஆழியாறு தண்ணீரை முறைவைத்து விடுவார்கள். கடைமடைத் தோப்புக்கு வந்து சேரும் தண்ணீரைப் பார்த்தாலே மேலே எவ்வளவு விட்டிருப்பார்கள் என்று தெரிந்துவிடும். மார்ச் மாத எபிசோடைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

1966 பேட்மேன் தொடர் ஏன் இரண்டே வருடத்தில் முடிந்தது? அவ்வளவு புகழ் பெற்றதாமே?

1966 ஜனவரியில் வந்ததும் அமெரிக்காவே அதைப் பற்றித்தான் பேசியது. வாரத்துக்கு இரண்டு நாள்: முதல் நாள் கதாநாயகர்களை ஆபத்தில் மாட்டிவிட்டு நிறுத்துவார்கள், மறுநாள் தப்பிப்பார்கள். புதுமையாக இருந்த வரை அது இனித்தது. வாரம் இரண்டு என்ற வேகத்தில் 120 எபிசோடுகள் சீக்கிரமே ஓடித் தீர்ந்தன. மூன்றாவது சீசனில் வாரம் ஒன்றாகக் குறைத்தார்கள், பேட்கர்ல் என்ற புதுப் பாத்திரத்தைச் சேர்த்தார்கள், செலவையும் வெட்டினார்கள். கருப்புத் திரைக்கு முன்னால் நாலு பலகை வைத்த மாதிரி செட்டுகள். 1968 மார்ச்சில் முடிந்தது. தொனி கடைசி வரை மாறவே இல்லை. மாறாததும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆரோ தொடரில் தீவுக் கதை முடிந்த பிறகு என்ன ஆனது?

நான் சொன்ன கேள்விக் கணக்கைப் புரிந்துகொள்ள ஆரோவைவிட நல்ல பாடம் கிடையாது. 2012-இல் ஆரம்பம், 2020 ஜனவரியில் முடிவு, எட்டு சீசன், 170 எபிசோடுகள். கதாநாயகன் ஆலிவர் குவீன் லியான் யூ தீவில் ஆரம்பித்து ஐந்து வருடம் பட்ட பாட்டை, சீசனுக்கு ஒரு வருடம் என்று ஃபிளாஷ்பேக்கில் காட்டிக்கொண்டே வந்தார்கள். அதாவது ஐந்து சீசனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

முதல் இரண்டு சீசன்களில் பழைய கதையும் இன்றைய கதையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டே நடக்கும். இரண்டாவதில் வரும் ஸ்லேட் வில்சன் தீவில் ஆலிவருக்கு அண்ணன் மாதிரி இருந்தவன். இன்று அவன் ஏன் பழிவாங்க வந்திருக்கிறான் என்பதை அன்றைய கதை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். இரண்டு ஓடையும் ஒரே இடத்தில் கலக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை அதற்குப் பிறகு அந்தத் தொடர் ஒரே ஒரு முறைதான் எட்டியது.

மூன்று, நான்கில் ஃபிளாஷ்பேக்குக்கு இன்றைய கதையோடு ஒட்டு இல்லை. ஐந்து வருடம் என்று சொல்லிவிட்டோமே என்பதற்காக நிரப்பினார்கள். ஹாங்காங் போனான், திரும்பத் தீவுக்கு வந்தான். கூடவே நான்காவதில் மந்திரம் நுழைந்தது. வில்லும் அம்புமாக மண்ணில் நின்று சண்டை போட்ட தொடரில் வில்லன் டேமியன் டார்க் கையை நீட்டினால் ஆள் சாகிறான். அந்தத் தொடரின் எடைக்கு அது ஒவ்வவில்லை. ஆலிவரின் கூட்டாளி ஃபெலிசிட்டியின் காதல் கதையைத்தான் பலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு காட்சிக்கு வந்த பெண் எல்லாருக்கும் பிடித்துப்போய் நிரந்தரமானது நல்ல விஷயம். அவளை அழவைப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்காமல் விட்டதுதான் தப்பு.

ஐந்தாவதில் மீண்டார்கள். பிராமிதியஸ் என்ற வில்லன் ஆலிவரைக் கட்டிவைத்து, நீ கொன்றது நீதிக்காக அல்ல, உனக்கு அது பிடித்திருந்தது என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளவைக்கிறான். முதல் சீசனில் கேட்ட கேள்விக்கு நேர்முகமாகப் பதில் வந்தது அங்கேதான். கடைசி எபிசோடில் எல்லாரும் தீவுக்கே திரும்புகிறார்கள், ஃபிளாஷ்பேக்கும் அவன் தீவிலிருந்து கிளம்பும் நாளை எட்டிவிடுகிறது. சட்டை சரியாகப் பொருந்தியது.

அதன் பிறகு மூன்று சீசன். ஏழாவதில் ஆலிவரைச் சிறையில் அடைத்த ஆரம்பப் பகுதி நன்றாக இருந்தது. எட்டாவது பத்தே எபிசோடு, பிரியாவிடை. மற்றதெல்லாம் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

ஃப்ளாஷ் ஏன் மறுபடி மறுபடி ஒரே வில்லனோடு ஓடுகிறது?

முதல் சீசன் வில்லன் வேகமாக ஓடுகிறவன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. முதலாவது ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது என்றால், டாம் கவனா நடித்த வெல்ஸ் வாத்தியார் போலவும் அப்பா போலவும் கூட இருந்து வளர்த்தவன், அவனே அம்மாவைக் கொன்றவன். பாசமும் பகையும் ஒரே முகத்தில். அடுத்தடுத்த சீசன்கள் எடுத்துக்கொண்டது வேகத்தை மட்டும். அந்த முகத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. ஃப்ளாஷாக வரும் பாரி காலத்தில் பின்னோக்கி ஓடி நடந்ததை மாற்றுவான். ஒரு தடவை என்றால் சோகம். அடிக்கடி என்றால், எந்தச் சாவும் சாவு இல்லை என்ற எண்ணம் பார்க்கிறவர்களுக்கு வந்துவிடும். நான்காவது சீசனில் ஓடாத, யோசிக்கிற வில்லனைக் கொண்டுவந்து தொனியையும் இளக்கிப் பார்த்தார்கள். முயற்சி சரியானது. ஆனால் 23 எபிசோடுக்கு அந்த வில்லன் நீளவில்லை. 2014-இல் ஆரம்பித்து 2023 வரை 184 எபிசோடுகள் வந்தன. கிராண்ட் கஸ்டின் கடைசி நாள் வரை மனம்விட்டு நடித்தார் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

வில்லன் பற்றிப் பேசும்போது நம்ம பக்கத்துப் படமான மின்னல் முரளியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொடர் அல்ல, 2021-இல் வந்த ஒற்றைப் படம். ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. குரு சோமசுந்தரம் நடித்த ஷிபு ஏன் அப்படி ஆனான் என்பது கடைசி வரை நம் மனதை அறுக்கும். அந்த அளவுக்கு நியாயம் உள்ள வில்லன் கிடைத்தால் ஒரு சீசன் தாங்கும்.

எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் தொடர் கெட்டது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை, 100 நாள், அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹீரோஸ் தொடரின் இரண்டாவது சீசன் 11 எபிசோடோடு பாதியில் நின்றது. ஸ்மால்வில் ஏழாவது சீசனும் 20-ஆகக் குறைந்தது.

ஆனால் ஹீரோஸ் அதற்கு முன்பே தடுமாறிவிட்டது. முதல் சீசன் நியூயார்க்கில் நடக்கப்போகும் வெடிப்பை நோக்கி அம்பு மாதிரி போனது. இரண்டாவதில் ஹிரோ பழங்கால ஜப்பானில் சுற்றுகிறான், பீட்டர் நினைவிழந்து அயர்லாந்தில் கிடக்கிறான். உருவாக்கிய டிம் கிரிங் வேகம் போதவில்லை என்று பேட்டியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். செத்திருக்க வேண்டிய வில்லன் சைலரைப் பிடித்த நடிகர் என்பதற்காகத் தக்கவைத்தார்கள். பிறகு அவனை நல்லவனாக்கி, கெட்டவனாக்கி, மறுபடி நல்லவனாக்கினார்கள். அதற்கும் வேலைநிறுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. எழுதுகிறவர்கள் கூலிக்காகப் போராடியதைத் தொடர் கெட்டதற்குச் சாக்காகச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போகப்போக நன்றாக ஆன தொடர் ஏதாவது உண்டா?

உண்டு, இரண்டைச் சொல்வேன்.

ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் 2013 செப்டம்பரில் வந்தபோது சப்பென்று இருந்தது. எதையோ எதிர்பார்த்துக் காலத்தைக் கடத்துவது போல வாரா வாரம் ஒரு கேஸ். உண்மையிலேயே காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2014 ஏப்ரலில் கேப்டன் அமெரிக்காவின் இரண்டாவது படம் வந்து ஷீல்ட் என்ற உளவு அமைப்புக்குள்ளேயே எதிரி ஊடுருவியிருப்பதை உடைத்தது. அதே வாரத்தில் தொடரும் அதை உடைத்தது. கூடவே இருந்த வார்ட் எதிரி ஆள். அந்த எபிசோடிலிருந்து தொடர் வேறு. நான்காவது சீசனில் 22 எபிசோடை மூன்று சிறு கதைகளாகப் பிரித்தார்கள்: கோஸ்ட் ரைடர், மனித உருவ இயந்திரங்கள், கடைசியில் எல்லாரும் தலைகீழாக வாழும் பொய் உலகம். நீளச் சீசனுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

மற்றது லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ. முதல் சீசன் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரு சாகாவரம் பெற்ற வில்லனைத் துரத்தியது, ஒட்டவில்லை. பிறகு இறுக்கத்தை விட்டார்கள். மூன்றாவது சீசன் முடிவில் ஒரு பேயோடு சண்டை போட நீல நிறக் குழந்தை பொம்மை மலை உயரத்துக்கு வந்து நிற்கும். சொல்லும்போது அபத்தம், பார்க்கும்போது கண் கலங்கும். தொனி கனத்திலிருந்து விளையாட்டுக்கு மாறி, தரம் ஏறியது. ஏழு சீசனுக்குப் பிறகு 2022-இல் கதை தொங்கும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த வலி இன்னும் இருக்கிறது.

நடிகர் போய்விட்டால் தொடர் தாங்குமா?

கதாநாயகன் தவிர யார் போனாலும் தாங்கும். கதாநாயகனுக்கு உண்மையைச் சொல்கிறவர் போனால்தான் கஷ்டம். ஃப்ளாஷில் பாரியின் நண்பன் சிஸ்கோ போனது அப்படி. சூப்பர்கர்ல் சிபிஎஸ் சேனலிலிருந்து சிடபிள்யூ சேனலுக்கு மாறி, படப்பிடிப்பும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வான்கூவருக்குப் போனதும், கதாநாயகி காராவின் முதலாளி கேட் கிராண்டாக வந்த கலிஸ்டா ஃப்ளாக்ஹார்ட் குறைந்துபோனார். அந்த அம்மாவின் அதட்டல் இல்லாமல் காராவின் முதலாண்டுத் துடிப்பு திரும்பவே இல்லை.

எட்டு, பத்து எபிசோடு உள்ள இன்றைய ஓடிடி தொடர்களில் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

வேறு பிரச்சினை வந்தது. நெட்ஃபிளிக்ஸில் வந்த டேர்டெவில் சீசனுக்கு 13. அதற்கே நடுவில் நாலு எபிசோடு தள்ளாடும். மூன்று சீசனுக்கும் தலைமை எழுத்தாளர்கள் வேறு வேறு என்பதால் தொனியும் வேறு: முதலாவது மண்ணோடு ஒட்டிய குற்றக்கதை, இரண்டாவதில் நிஞ்ஜா கூட்டம், மூன்றாவதில் மறுபடி மண். மூன் நைட் ஆறே எபிசோடு. அதில் ஆட்களோடு பழகுவதற்கு நேரமே இல்லை. நீளம் என்பது குற்றவாளி அல்ல.

பாலக்காடு மாவட்டத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தேங்காய் முறியில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு, அதன் முன்னால் தோல் பாவைகள், கம்பராமாயணப் பாட்டு. மலையாள மண்ணில் கம்பனின் தமிழ். ஒரு கோயிலில் ஏழு இரவு, இன்னொன்றில் 21, சிலவற்றில் 41, 71 என்றுகூட நடக்கும். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவது என்று ஐதீகம். புலவர் ஒரு பாட்டை எடுத்து அரை மணி நேரம் பொருள் சொல்வார். யாரும் சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். முடிவு பட்டாபிஷேகம் என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை இரவு என்பதும் முதல் இரவே தெரியும். அதனால் எங்கே நின்று விரிக்கலாம், எங்கே ஓட்டலாம் என்று புலவருக்கு அளவு கிடைக்கிறது. அமெரிக்கத் தொடர் எழுதுகிறவருக்கு எத்தனை இரவு என்று யாரும் சொல்வதில்லை. ஆரோவின் ஐந்து வருடக் கணக்கு வேலை செய்ததும், அது தீர்ந்த பிறகு தடுமாறியதும் இதனால்தான்.

சக்திமான்?

நம் நாட்டு இந்தி சூப்பர் ஹீரோ தொடர், 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்தது. எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் யாரும் இல்லை, ஆனாலும் ஒரு வீட்டில் முப்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். முகேஷ் கன்னா கங்காதராகக் கோமாளித்தனம் செய்வார், சுழன்றதும் சக்திமான். காலப்போக்கில் அதில் வாத்தியார் குரல் கூடிக்கொண்டே போனது. குழந்தைகள் அவரைப் போலச் செய்யப் பார்த்து அடிபட்ட செய்திகள் வந்தபோது, இப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்று அவரே திரையில் வந்து சொன்னார். கதைக்குப் பின்னால் வரும் அறிவுரைப் பகுதியும் "சாரி சக்திமான்" என்று குழந்தைகள் தப்பை ஒப்புக்கொள்ளும் பகுதியாக மாறியது. அந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது என் அக்கா மகளோடு பார்த்தேன். கிராபிக்ஸைப் பார்த்துச் சிரித்தாள், வில்லன் கில்விஷ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தமிழ்க் குரலில் பார்த்தால் தொனி மாறுமா?

நிச்சயம் மாறும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழில் நீ, நீங்கள் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். ஆரோவில் டிகில் முதலில் சம்பளத்துக்கு வந்த மெய்க்காவலர், பிறகு உயிர் நண்பன். அவர் எந்த எபிசோடில் "நீங்க"விலிருந்து "நீ"க்கு வர வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதாத ஒரு திருப்பத்தைத் தமிழில் எழுதுகிறவர் எழுத வேண்டியிருக்கிறது. நல்ல டப்பிங்கில் அது சரியான இடத்தில் விழும். சீசனுக்குச் சீசன் குரல் கொடுப்பவர் மாறினால், கதை நன்றாக இருந்தும் நமக்கு ஆளே மாறின மாதிரி இருக்கும். பிடிக்காமல் போன ஒரு சீசனைக் குறை சொல்வதற்கு முன் ஒரு எபிசோடை மூலக் குரலில் கேட்டுப் பாருங்கள்.

சரி, நேரம் குறைவு. எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

ஆரோ முதல் இரண்டு சீசன், பிறகு நேராக ஐந்தாவது. நடுவில் நடந்ததை யாரிடமாவது பத்து நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் முதல் சீசன் முழுவதும். ஷீல்டில் முதல் சீசனின் பொறுமையைச் சோதிக்கும் பாதியைத் தாண்டிவிட்டால் நான்காவது வரை தடையில்லை. சிறு பிள்ளைகள் கூட இருந்தால் டேர்டெவில் வேண்டாம், அடியும் ரத்தமும் அதிகம். அவர்களுக்கு ஸ்மால்வில் போடுங்கள். இரண்டாவது சீசனில் கிறிஸ்டோபர் ரீவ் வரும் எபிசோடை மட்டும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.